மேற்கோளுக்கு உள்ளேயும் புள்ளி, அடைப்புக்குறிக்குப் பின்னும் புள்ளி: எதை எடுப்பது?

ஈரோடு மஞ்சள் சந்தை பற்றின உங்க ஆய்வேட்டில், இப்படி ரெண்டு புள்ளி இருக்கிற வரிகளை வழிகாட்டி சுழிச்சிருக்கார், எதை எடுப்பதுன்னு கேட்டிருந்தீங்க. உள்ளே இருக்கிற புள்ளியை எடுத்துடுங்க. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வெழுத்து விதிகள்) முறையில் வரிசை இதுதான்: மேற்கோள்குறி மூடணும், அடுத்து அடைப்புக்குறி, கடைசியாகப் புள்ளி.

“மஞ்சள் விலை ஏலத்தில் முடிவாகிறது” (பெயர், ஆண்டு, ப. 45).

உங்க வழிகாட்டி சுழித்ததெல்லாம் அநேகமாக மூலத்தில் இருந்த புள்ளியோடு சேர்த்து வெட்டி ஒட்டின வரிகளாகத்தான் இருக்கும். வேர்டில் கன்ட்ரோல் எஃப் அழுத்தி, புள்ளி, மூடும் மேற்கோள்குறி, ஓர் இடைவெளி, திறக்கும் அடைப்புக்குறி என்று நாலையும் சேர்த்துத் தேடுங்க. பெரும்பாலும் அகப்படும். ஆனா ‘எல்லாவற்றையும் மாற்று’ மட்டும் வேண்டாம், ஒவ்வொன்றாப் பாருங்க.

இன்னொன்று, மூல வரி கேள்வியாக இருந்தா கேள்விக்குறி உள்ளேயே நிற்கணும். அது ஆசிரியருடையது. அப்பவும் அடைப்புக்குறிக்குப் பின் புள்ளி உண்டு:

“விலையை யார் வைப்பது?” (பெயர், ஆண்டு, ப. 51).

மேற்கோள் 40 சொல்லோ அதுக்கு மேலோ போனா கதை தலைகீழ். மேற்கோள்குறியே கிடையாது, புது வரியில் அரை அங்குலம் உள்தள்ளி, புள்ளி வெச்ச பிறகு அடைப்புக்குறி, அதுக்கப்புறம் எதுவும் இல்லை. நூல், கட்டுரைகளில் இருந்து நீளமா எடுத்துப் போட்ட பக்கங்களில் இதைத்தான் முதலில் பாருங்க.

உங்க துறை தனி விதித்தாள் கொடுத்திருந்தா அதுதான் செல்லும்.