பவேரியக் கிராம்பும் ஆரிகன் எலுமிச்சையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் பணிபுரியும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது, 'ஹெஃபவைசன்' என்று பெயரிட்ட அமெரிக்கப் பீர் கேன்கள் சிலவற்றைக் கொண்டுவந்தான். பெங்களூருவில் அதே பெயரில் நான் குடித்த பீரில் வாழைப்பழ மணம் தூக்கலாக இருந்தது. இதிலோ அந்த மணம் துளியும் இல்லை. பீர் பழையதாகிவிட்டதா, அல்லது இப்படித்தான் இருக்குமா?
– வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் மகன் கொண்டுவந்த பீர் கெட்டுப்போகவில்லை. ஒரே பெயரை இரண்டு வேறு பீர்கள் சுமந்துகொண்டிருப்பதால்தான் இந்தக் குழப்பம். ஜெர்மன் மொழியில் 'ஹெஃப' என்றால் ஈஸ்ட், 'வைசன்' என்றால் கோதுமை. ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவின் மரபில் இந்தப் பீருக்குப் பயன்படும் மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியத்தில்) பாதியாவது கோதுமையாக இருக்கவேண்டும். ஆயினும் அதன் உயிர் ஈஸ்டில் இருக்கிறது. அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்னும் சேர்மத்தை உண்டாக்குகிறது. பழுத்த வாழைப்பழத்துக்கு மணம் தருவதும் அதுவே. கூடவே உண்டாகும் 4-வினைல் குவையகால் என்பது கிராம்பு மணத்தைத் தருகிறது. பர்லியாறு தோட்டக்கலைப் பண்ணையில் கிராம்பு மொட்டைக் கிள்ளி முகர்ந்து பார்த்தவர்கள், நல்ல பவேரிய ஹெஃபவைசனின் முதல் மூச்சிலேயே அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். அரைத்த மால்ட்டை ஏறத்தாழ 45 டிகிரி வெப்பமுள்ள நீரில் சற்று நேரம் நிறுத்திவைத்தால், கிராம்பு மணத்துக்கு மூலமான ஃபெரூலிக் அமிலம் கூடுதலாக விடுபடும்; நொதிக்கும்போது வெப்பம் ஏறினால் வாழைப்பழ மணம் மேலோங்கும். இந்த இரண்டையும் இழுத்துப் பிடித்துச் சமன்செய்வதில்தான் வடிப்பவரின் தேர்ச்சி இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பெயருக்கு வேறொரு பொருள் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் விட்மர் சகோதரர்கள் 1984இல் தொடங்கிய சிற்றாலை, முதலில் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரத்து 'ஆல்ட்' வகைப் பீரையும் அதன்பின் வடிகட்டிய கோதுமைப் பீர் ஒன்றையும் வடித்துவந்தது. மூன்றாவதாக ஒரு பீர் வேண்டுமென்று உள்ளூர் மதுக்கூடம் ஒன்று கேட்டபோது, நொதிகலன்கள் போதாமையால், கோதுமைப் பீரையே வடிகட்டாமல் கலங்கலாக அனுப்பினார்கள். அது 1986இல் நடந்தது. அதில் இருந்த ஈஸ்ட் ஆல்ட் பீருக்குரியது. வாழைப்பழத்தையோ கிராம்பையோ அது தராது. ஓரத்தில் ஓர் எலுமிச்சைத் துண்டைச் செருகிப் பரிமாறப்பட்ட அந்தப் பீர் பெரும் வெற்றி பெற்றது. அதைப் பின்பற்றி வந்தவர்களும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். உங்கள் மகன் கொண்டுவந்ததும் இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கவேண்டும். வெயிலில் நடந்து வந்தவருக்கு அது அருமையான பீர், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை 'அமெரிக்கக் கோதுமைப் பீர்' என்று அழைப்பதே நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து.

பவேரிய ஈஸ்டை உண்மையாகவே கையாளும் அமெரிக்கர்களும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரின் லைவ் ஓக் ஆலையில் வரும் ஹெஃபவைசன் அப்படிப்பட்டது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை 'கெல்லர்வைஸ்' என்ற பீருக்காக, மூடியில்லாத திறந்த கலன்களில் நொதிக்கவைக்கும் பழைய முறையையே கையாண்டது. ஒரு மரபுப் பீரின் மறுவடிவத்தைச் சுவைக்கும் முன், அதன் உயிர் எந்தப் பொருளில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தொடாமல் மற்றவற்றை மாற்றியவர் மரபுக்குள் நிற்கிறார். அதையே மாற்றியவர் வேறொரு பீரைச் செய்திருக்கிறார்.

கேள்வி: ஜெர்மானியர்கள் 1516ஆம் ஆண்டின் தூய்மைச் சட்டப்படி பீர் வடிக்கிறார்கள், அமெரிக்கர்களோ சோளத்தையும் அரிசியையும் சேர்க்கிறார்கள் என்று படித்தேன். மூலம் இருக்கும்போது நகலை ஏன் சுவைக்கவேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: அந்தச் சட்டம் 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஷ்டாட் நகரில் பவேரியக் கோமகன்களால் பிறப்பிக்கப்பட்டது. பார்லி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே அது அனுமதித்தது. ஈஸ்டின் பெயர்கூட அதில் இல்லை. ஜெர்மானியப் பேரரசு முழுவதற்கும் அது விரிந்தது 1906இல்தான். மேலே சொன்ன கோதுமைப் பீரே அந்தச் சட்டத்தின் சொற்களுக்குப் புறம்பானது. ஆட்சியாளர்கள் வழங்கிய தனியுரிமையால் அது பிழைத்துவந்தது. ஆகவே ஜெர்மானிய மரபு அந்தச் சட்டத்தைவிடப் பெரியது என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும்.

சோளமும் அரிசியும் சேர்ந்த கதைக்கும் ஜெர்மானியரே தொடக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மில்வாக்கி, செயின்ட் லூயிஸ் போன்ற நகரங்களில் குடியேறிய ஜெர்மானியர்கள், புரதம் மிகுந்த அமெரிக்கப் பார்லியால் பீர் கனத்துக் கலங்குவதைக் கண்டு, அதை இலேசாக்க அந்தத் தானியங்களைக் கலந்தார்கள். 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கில் எண்ணற்ற சிறிய ஆலைகள் மறைந்தன. பின்னர் பேராலைகளின் இலேசான பீர் மட்டுமே நாடெங்கும் எஞ்சியது. வீட்டில் பீர் வடிப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கும்படி 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகு, வீட்டுச் சமையலறையில் பழகியவர்கள் பலர் சிற்றாலைகளைத் தொடங்கினார்கள். அவர்கள் வடிக்கும் ஜெர்மானிய வகைகள் பெரும்பாலும் முழுக்க மால்ட்டில் செய்யப்படுபவை.

நகல் என்று நீங்கள் ஒதுக்குவதற்கு முன் பில்ஸ்னரை (சுருக்கமாக 'பில்ஸ்') பாருங்கள். அதுவே பிறந்த இடத்தில் தங்காத பீர். ஜோசஃப் குரோல் என்ற பவேரியர் 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் முதலில் வடித்ததை, ஜெர்மானியர்கள் தங்கள் நிலத்துக்குக் கொண்டுபோய், இன்னும் வறட்சியாகவும் கசப்பாகவும் மாற்றிக்கொண்டார்கள். ஹாலர்டாவ், டெட்னாங் பகுதிகளின் ஹாப்ஸ் தரும் பூ, புல், சிறிது மிளகு கலந்த மணமும், விழுங்கிய பின் நாவை வறளவிட்டு முடியும் தெளிவும்தான் ஜெர்மானிய பில்ஸின் உயிர். பென்சில்வேனியாவின் விக்டரி ஆலையில் வரும் 'பிரைமா பில்ஸ்' ஜெர்மானிய ஹாப்ஸ் பூக்களை முழுதாகவே பயன்படுத்துகிறது. ஜெர்மானியர் வழக்கமாகப் போடும் அளவைவிடச் சற்றுத் தாராளமாகப் போட்டாலும், உயிர் அங்கேயே இருக்கிறது. இதற்கு மாறாக, 1972இல் வெளிவந்த அமெரிக்க 'கேஸ்கேட்' ஹாப்ஸைக் கொட்டிய பில்ஸ் ஒன்றில் கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போதே பம்பளிமாஸ் பழத்தோல் மணம் எழும். அது இனிய மணம்தான். ஆனால் பில்ஸ் அந்தக் கோப்பையிலிருந்து போய்விட்டது.

நகல் மூலத்தைக் காப்பாற்றிய இடமும் உண்டு. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஒரு காலத்தில் கோலோச்சிய ஏற்றுமதி வகை லாகர் (குளிரில் வைத்துத் தெளியவிடும் பீர்), பில்ஸின் அலையில் தன் ஊரிலேயே ஓரங்கட்டப்பட்டது. அதே வகையை ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் 1988இல் தொடங்கிய கிரேட் லேக்ஸ் ஆலை 'டார்ட்மண்டர் கோல்டு' என்ற பெயரில் தன் முதன்மைப் பீராக வைத்திருக்கிறது.

கேள்வி: கோல்ஷ் என்ற பீர்ப் பெயரை ஜெர்மனியின் கோல்ன் நகரத்தார் மட்டுமே பயன்படுத்தலாமாமே?
– வாசகர், கூடலூர்

பதில்: ஆம். அந்நகர ஆலைகள் 1986இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு இருப்பதைப் போன்றது இது. அமெரிக்க ஆலைகளை அந்தப் பாதுகாப்பு கட்டுப்படுத்துவதில்லையாயினும், 'கோல்ஷ் பாணி' என்று எழுதுபவர்களையே நான் மதிக்கிறேன்.

கேள்வி: உதகையின் உயரத்தில் பீரின் சுவை மாறுமா? நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஜெர்மானிய, அமெரிக்கப் பீர்களை ஒப்பிட விரும்புகிறோம். முறையைச் சொல்லவேண்டும்.
– வாசகர், உதகமண்டலம்

பதில்: உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்குள்ள காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். புட்டியைத் திறந்தவுடன் கரியமில வாயு விரைந்து வெளியேறும். சென்னையில் அடக்கமாக எழும் நுரை இங்கே கழுத்தைத் தாண்டி வழியும். ஆகவே முந்தைய நாளே நிமிர்த்திவைத்து, நன்றாகக் குளிரவைத்து, மெதுவாகத் திறந்து, சாய்த்த கண்ணாடிக் கோப்பையின் சுவரோரமாக ஊற்றுங்கள். ஊற்றியதை நெடுநேரம் வைத்திருக்கவேண்டாம். சுறுசுறுப்பு சீக்கிரம் அடங்கிவிடும். வடிப்பவருக்கும் உயரம் ஒரு சோதனைதான். உங்கள் வீட்டில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது அல்லவா? அந்த வெப்பத்தில் ஹாப்ஸின் கசப்பு முழுமையாக இறங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரத்து ஆலைகளும் ஓரளவு இதே நிலையில்தான் பணிபுரிகின்றன. அங்குள்ள பியர்ஷ்டாட் லாகர்ஹவுஸ், மால்ட்டும் நீரும் கலந்த கூழின் ஒரு பகுதியைத் தனியே கொதிக்கவைத்து மீண்டும் கலக்கும் பழைய முறையை விடாமல், சில நிமிடங்கள் எடுத்துப் பொறுமையாக ஊற்றித் தரும் பில்ஸுக்குப் பெயர்பெற்றது.

மலையின் குளிரோ நமக்குச் சாதகமானது. 'லாகர்ன்' என்ற ஜெர்மன் சொல்லுக்குச் சேமித்துவைத்தல் என்று பொருள். குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கில் கிடந்து தெளிவதாலேயே லாகருக்கு அந்தப் பெயர். குளிர்பதன எந்திரம் இல்லாத காலத்தில் கோடையில் பீர் கெட்டுப்போனதால், பவேரியாவில் 1553 முதல் கோடைக்காலத்தில் வடிப்பதற்கே தடை இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியில் பீர் ஆலைகள் நடந்ததற்கும் இந்தக் குளிரே காரணம்.

இனி ஒப்பிடும் முறை. தேயிலை சுவைக்கும் மேசையருகே பல ஆண்டுகள் நின்றவன் என்பதால், அந்த மேசையின் ஒழுங்கையே உங்களுக்கும் சொல்கிறேன். பெயரைப் பார்த்துவிட்டுச் சுவைப்பவருடைய நாவைப் பெயரே வழிநடத்திவிடும். எனவே ஊற்றுபவர் ஒருவர், சுவைப்பவர் மற்றவர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே பீரையும், ஒன்றில் மற்றதையும் ஊற்றித் தரச்சொல்லி, தனித்து நிற்பது எது என்று கண்டுபிடியுங்கள். அதைக் கண்டுபிடிக்க முடியாதவர், எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படக்கூடாது. ஆளுக்கு நூறு மில்லிலிட்டர் போதும். தேயிலையைப் போல உறிஞ்சித் துப்பாதீர்கள். பீரின் கசப்பும், மூக்கின் பின்வழியாக எழும் மணமும் விழுங்கிய பிறகே முழுமையாகத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டிய கோப்பையில் நுரை நிற்காது என்பதால், கோப்பைகளைத் தண்ணீரில் பலமுறை அலசி, துடைக்காமல் கவிழ்த்துவையுங்கள். இலேசானதில் தொடங்கிக் கனமானதில் முடியுங்கள். அன்றிரவு மலைப்பாதையில் வண்டி ஓட்டவேண்டியவரை இந்த அமர்வுக்கு அழைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பச்சைப் புட்டியில் வந்த ஜெர்மானிய பில்ஸ் ஒன்றை, கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி வைத்திருந்த ஒரு கடையில் வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஒளி பட்டால் ஹாப்ஸின் பொருள்கள் சிதைந்து, அருவருப்பான கந்தக வாடை எழும். அதைப் புதிதாக வந்த அமெரிக்கக் கேனோடு ஒப்பிட்டு ஜெர்மானியரைத் தோற்றவராக அறிவிப்பது அநியாயம். இரண்டின் தேதியையும் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கொடுத்த 'கோசே' என்ற பீர் புளிப்பாகவும் உப்பாகவும் இருந்தது. இதையும் மரபு என்கிறார்களே?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: அம்மா, அதை ஒரு தமிழ்ப் பெண் வியப்போடு கேட்பதுதான் எனக்கு வியப்பு. புளித்த மோரில் உப்பும் கொத்தமல்லியும் சேர்த்து நாம் குடிப்பதில்லையா? கோசே அந்தக் குடும்பத்தின் தூரத்து உறவு. கோஸ்லார் என்ற ஊரில் பிறந்து, பின்னர் லைப்சிக் நகரத்துப் பீராகவே மாறிய அதில், கோதுமையும் பார்லியும் லாக்டிக் அமிலத்தால் புளிக்கின்றன; தயிரைப் புளிக்கவைப்பதும் அதே அமிலம்தான். அதோடு உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்கின்றன. 1966இல் அதை வடித்துவந்த கடைசி ஆலையும் நின்றுபோக, 1980களில் லைப்சிக்கில் அது உயிர்ப்பிக்கப்பட்டது.

அதன் உயிர் அளவில் இருக்கிறது. உப்பு இருப்பது நாவுக்குத் தெரியவேண்டும். 'உப்புக் கரிக்கிறது' என்று வாய் சொல்லிவிடக்கூடாது. மோர் கரைப்பவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் ஆண்டர்சன் வேலி ஆலை சிவப்பு ஆரஞ்சைச் சேர்த்து வடிக்கும் கோசே இந்தச் சமனைக் கெடுக்காமல் நிற்கிறது. பழம் பின்னணியில் இருக்க, புளிப்பும் உப்பும் முன்னே வருகின்றன. பழக்கூழைக் கொட்டிச் சர்பத்தாக்கிய அமெரிக்கக் கோசேக்களும் சந்தையில் மிகுதி. நீங்கள் குடித்ததில் உப்பு தெரிந்தது என்கிறீர்கள். அப்படியானால் நல்லதைத்தான் குடித்திருக்கிறீர்கள்.

கேள்வி: என் மைத்துனர் பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வருகிறார். எவற்றை வாங்கிவரச் சொல்லலாம்?
– வாசகர், வெலிங்டன்

பதில்: தீர்வையின்றி ஒருவர் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு இரண்டு லிட்டர். அமெரிக்கக் கேன் பெரும்பாலும் 355 மில்லிலிட்டர் என்பதால், ஐந்து கேன்களுக்கு இடமுண்டு. ஆறாவது வரம்பைத் தாண்டிவிடும். பிரைமா பில்ஸில் இரண்டு, கோசே ஒன்று, டெக்சாஸ் வழியாக வருபவராக இருந்தால் லைவ் ஓக் ஹெஃபவைசன் ஒன்று என்று சொல்லுங்கள். ஐந்தாவதாக, பென்சில்வேனியாவின் ட்ரோக்ஸ் ஆலை வடிக்கும் 'ட்ரோகனேட்டர்' என்ற டாப்பல்பாக்.

தை மாதத்து உறைபனி இரவுக்கு அதைவிடப் பொருத்தமான ஜெர்மானிய வகை இல்லை. மியூனிக் நகரத்துப் பவுலானர் துறவிகள் நோன்புக் காலத்தில் உணவாகவே கொண்ட கனத்த பீரிலிருந்து வந்தது இந்த வகை. அவர்களுடைய 'சால்வேட்டர்' என்ற பெயரைப் போற்றியே மற்றவர்களும் 'ஏட்டர்' என்று முடியும் பெயர்களை வைக்கிறார்கள். ட்ரோகனேட்டரில் 8.2 விழுக்காடு ஆல்கஹால் இருப்பதால் அதை நால்வர் பகிர்ந்துகொள்ளுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் அறையில் வைத்து, பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வந்தபின் ஊற்றினால், கருப்பட்டிப் பாகும் வறுபட்ட ரொட்டி மேலோடும் கலந்த மணம் எழும். அடுப்பிலிருந்து இறக்கிய ஊட்டி வர்க்கியின் சிவந்த மேற்புறம் மணப்பதற்கும் இதற்கும் ஒரே வேதிவினைதான் காரணம். வர்க்கியை அருகில் வைத்துக்கொண்டு முகர்ந்து பாருங்கள். பில்ஸை மட்டும் அவர் வந்த வாரத்திலேயே குடித்துவிடுங்கள், அதன் ஹாப்ஸ் மணம் காத்திருக்காது. டாப்பல்பாக் அடுத்த மார்கழி வரைகூட இருட்டான அலமாரியில் பொறுத்திருக்கும்.