வாகன வினா விடை: கியர் பெட்டி ஒயிலும் நிற்காத ஒழுக்கும்

கேள்வி (உவர்மலை வாசகர்): ஐயா, என் மூத்த சகோதரர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பாகங்களைப் பூட்டிக் கட்டிய, லோட்டஸ் செவன் வடிவிலான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதில் பூட்டியிருப்பது ஃபோர்ட் சியெராவின் டைப் 9 ஐந்து கியர் பெட்டி. நீண்ட காலம் மாற்றப்படாத ஒயிலைப் பெரிய சிரிஞ்சினால் உறிஞ்சி எடுத்தேன். ஒயில் ஊற்றும் பக்கத் துளையின் அடைப்பானுக்குக் கை நன்றாக எட்டாததால், புதிய ஒயில் மூன்று லீற்றரைக் கியர் லீவரைக் கழற்றி அந்த வழியாக ஊற்றினேன். முன்பு சொட்டாக இருந்த கசிவு இப்போது ஒழுக்காகிவிட்டது. நிலாவெளி வரை போய்வந்து நிறுத்தினால் மறுநாள் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒயில் கிடக்கிறது. எல்லா ஒயில் சீல்களையும் (சுழலும் தண்டைச் சுற்றி ஒயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) மாற்ற வேண்டும், அதற்கு என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். தடித்த ஒயில் ஊற்றினால் நிற்குமா?

பதில்: நிற்காது. தடித்த ஒயில் ஒழுக்கைச் சில நாட்களுக்கு மெதுவாக்கலாம். கியர் மாற்றுவதையும் அதே அளவுக்குக் கடினமாக்கிவிடும். என்ஜினை இறக்குவது பற்றியும் இப்போதைக்கு யோசிக்க வேண்டாம், ஏனெனில் உங்கள் கடிதத்தில் சீல்களைவிட முதலில் கவனிக்க வேண்டியது அந்த மூன்று லீற்றர்தான்.

டைப் 9 பெட்டிக்குத் தேவையான ஒயில் ஏறத்தாழ இரண்டு லீற்றர். அத்துடன், சிரிஞ்சினால் உறிஞ்சும்போது அடியில் கொஞ்சம் பழைய ஒயில் தங்கியே இருக்கும் என்பதால், உங்கள் பெட்டியில் இப்போது ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கிறது. மிகையான ஒயிலைச் சுழலும் பற்சக்கரங்கள் கடைந்து நுரையாக்குகின்றன; பெட்டி சூடேறி உள்ளே காற்று விரியும்போது அந்த நுரை, உள் அழுத்தம் வெளியேற வைத்திருக்கும் காற்றுத் துவாரத்தின் வழியாகவும், கியர் லீவரின் அடியிலும், பின்புற சீலின் உதட்டைத் தாண்டியும் வெளியேறுகிறது. நல்ல சீல் பூட்டிய பெட்டிகூட இவ்வாறு நிரப்பினால் ஒழுகும். ஆகவே, பழைய சொட்டுக்கு ஒரு காரணமும் புதிய ஒழுக்குக்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, இரண்டாவதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

இந்தப் பெட்டி 1982இல் சியெரா காருடன் வந்தது. இவற்றில் பலவற்றுக்கு அடியில் வடிகால் அடைப்பானே இல்லை என்பதால், நீங்கள் சிரிஞ்சைப் பயன்படுத்தியதில் தவறு எதுவுமில்லை. கியர் லீவர் துவாரத்தின் வழியாக ஊற்றுவதும் கிற் கார் (பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொள்ளும் கார்) வைத்திருப்பவர்கள் பலர் செய்வதுதான். ஆனால் எவ்வழியாக ஊற்றினாலும் அளவைத் தீர்மானிக்க வேண்டியது பக்கத்திலுள்ள அந்தத் துளை மட்டுமே. கார் நான்கு சக்கரங்களிலும் சமமட்டமாக நிற்கும் நிலையில் அதைத் திறந்தால் ஒயில் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு மேல் உள்ளது தானாக வழிந்துவிட வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜக்கினால் உயர்த்திவிட்டுப் பார்த்தால் ஒயில் பின்னே சாய்ந்து பொய்யான மட்டத்தைக் காட்டும். இத்தகைய கார் மிகத் தாழ்வானது, கீழே நுழைய இடமிருக்காது; எனவே நான்கு தாங்கிகளைச் சட்டத்தின் குழாய்களுக்கு அடியில் ஒரே உயரத்தில் வைத்து, காரை அசைத்துப் பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே அடியில் செல்லுங்கள். அலுமினியத் தகட்டில் ஜக்கை வைத்தால் தகடு நெளியும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பக்கத் துளைக்குக் கை எட்டவில்லை என்பதற்கும் வழி உண்டு. கியர் பெட்டியை மூடியிருக்கும் நடுச் சுரங்கத் தகட்டில் அடைப்பானுக்கு நேராக ஸ்பானர் நுழையுமளவு ஒரு துளையிட்டு, அதை றப்பர் மூடியால் அடைத்து வைத்தால், இனி வரும் ஒவ்வொரு முறையும் வேலை அரை மணித்தியாலத்தில் முடியும். துளையிடும் முன் தகட்டின் பின்னால் வயரோ பிரேக் குழாயோ ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருகோணமலையின் உப்புக் காற்றில் அடைப்பான் துருவேறி இறுகியிருக்கக்கூடும் என்பதால், முதல் நாளே துரு இளக்கும் திரவத்தை விட்டு ஊறவிடுங்கள். பொது விதி ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: வடிகால் உள்ள பெட்டியானாலும் இல்லாத பெட்டியானாலும், ஊற்றும் அடைப்பான் கழலும் என்று உறுதியான பின்னரே உள்ளிருக்கும் ஒயிலை எடுக்க வேண்டும். பழையது போய், புதியதை ஊற்ற வழியில்லாமல் கார் நின்ற கதைகள் ஏராளம்.

அளவைச் சரிசெய்த பின் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். அது பெயின்ற்றினாலோ சுரங்கத்தின் ஒலியடக்கும் பஞ்சினாலோ அடைபட்டிருந்தால், உள்ளே எழும் அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே வழி தேடும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் சீல் வாங்கப் போகக் கூடாது.

அதற்குப் பின்னும் சொட்டினால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே மீதி வேலை. சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னே தள்ளுவதால், ஈரத்தின் மிக உயரமானதும் மிக முன்னாலுள்ளதுமான புள்ளியே தொடக்கம். பெட்டி முழுவதையும் பிரேக் கிளீனரால் கழுவி, உலரவிட்டு, மேலே முகப் பவுடரைத் தூவிவிட்டு உப்புவெளி வரை ஒரு முறை ஓடிவாருங்கள். பவுடர் நனைந்து இருண்டிருக்கும் கோடு உங்களை நேரே அந்த இடத்துக்கு அழைத்துச் செல்லும். வாசனையும் உதவும்: கியர் ஒயிலில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களால் அதற்குத் தனிக் காரநெடி உண்டு, என்ஜின் ஒயிலுக்கு அது இல்லை. என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள கிளச் மூடியின் அடியிலிருந்து வடிவது என்ஜினின் பின் சீலா, கியர் பெட்டியின் முன் சீலா என்ற பழைய வழக்கைப் பெரும்பாலும் மூக்கே தீர்த்துவிடும்.

ஈரம் பெட்டியின் வால்பகுதியில், பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் தொடங்கினால், பின் சீல் மட்டும் போதும். ஷாஃப்டை உருவும்போது ஒயில் கொட்டும், தட்டு வையுங்கள். சீலைப் பூட்டுமுன் ஷாஃப்டின் நுகம் (பெட்டிக்குள் செருகும் முனை) சீலில் உராயும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதிய சீலும் அதே பள்ளத்தில் அமர்ந்து ஒழுகும், எனவே நுகத்தை மாற்ற வேண்டும் அல்லது அதன்மேல் மெல்லிய உருக்கு உறை ஏற்ற வேண்டும். சீலில் சுருள்கம்பி உள்ள பக்கம் ஒயிலை நோக்க வேண்டும். உதட்டில் ஒயில் தடவாமல் ஷாஃப்டைச் செருகினால் முதல் ஓட்டத்திலேயே உதடு கருகும்.

என்ஜினையும் பெட்டியையும் சேர்த்துத் தூக்க வேண்டிய கட்டாயம் முன் சீலுக்குத்தான். அந்த நிலை வந்தால், முன் மூடியிலுள்ள ஒயில் திரும்பும் பள்ளம் பெட்டியின் துளைக்கு நேராக அமைகிறதா என்று பாருங்கள். அதைத் தலைகீழாகப் பூட்டினால் எத்தனை புதிய சீல் போட்டாலும் பயனில்லை. மூடியின் போல்ட்டுகள் உள்ளே ஊடுருவிச் செல்பவை, ஆகவே அவற்றின் மரைகளுக்கும் சீலண்ட் தடவ வேண்டும். பெட்டியின் நடுப்பகுதி வார்ப்பிரும்பு, வால்பகுதி அலுமினியம். அலுமினிய மரையில் பலத்தைக் காட்டாதீர்கள். சிலிக்கன் பசையைத் தாராளமாகப் பூசுவதும் ஆபத்தானது. வெளியே பிதுங்குமளவு உள்ளேயும் பிதுங்கும், உதிர்ந்த துண்டு ஒயில் வழியை அடைக்கும்.

கேள்வி (சீனன்குடா வாசகர்): இங்கிலாந்துக் கையேடுகள் 75டபிள்யூ-90 என்கின்றன. இங்கே எளிதில் கிடைப்பது 80டபிள்யூ-90. அதுவும் ஜீஎல்-5 ஆக இருக்கிறது. ஊற்றலாமா?

பதில்: தடிப்பைக் குறிக்கும் எண்ணும், சேர்மங்களின் தர வகுப்பைக் குறிக்கும் ஜீஎல் எண்ணும் வெவ்வேறு விடயங்கள். டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிரைப் பற்றியது: 75டபிள்யூ ஒயில் சைபருக்குக் கீழே 40 பாகை செல்சியசிலும், 80டபிள்யூ சைபருக்குக் கீழே 26 பாகையிலும் குறித்த அளவுக்கு மேல் தடிக்காது என்று சோதிக்கப்படுகிறது. கச்சான் காற்று வீசும் ஊரில் இந்த வேறுபாட்டுக்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. பின்னால் வரும் எண் சூடான நிலையின் தடிப்பு, அதில் இரண்டும் 90 தான். இங்கிலாந்தில் பனிக்காலக் காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பதைத் தவிர்க்கவே அவர்கள் 75ஐக் கேட்கிறார்கள்.

ஜீஎல் எண்ணில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜீஎல்-5இல் உயர் அழுத்தத்துக்கான கந்தக, பொஸ்பரச் சேர்மங்கள் ஜீஎல்-4இல் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்கு (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி) அது தேவை. ஆனால் கியர் பெட்டியின் பித்தளை சின்க்ரோ வளையங்களை (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்துபவை) அதே சேர்மங்கள் சில வகைகளில் அரிக்கக்கூடும். மேலும், அந்த வளையங்கள் வேலை செய்வதே உராய்வால் என்பதால், மிகையாக வழுக்கும் ஒயிலில் கியர் நெறுநெறுக்கும். பெட்டிக்கு ஜீஎல்-4, டிஃபரன்ஷியலுக்கு ஜீஎல்-5 என்று இரண்டு கான் வாங்குங்கள். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். கானின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள்.

கேள்வி (கிண்ணியா வாசகர்): மாரி மழையில் தேங்கிய வெள்ளத்தைக் கடந்து வந்த பின் எடுத்துப் பார்த்தால் கியர் ஒயில் பால் கலந்ததுபோல் இருக்கிறது. மினுங்கும் துகள்களும் உள்ளன. பெட்டி உடைந்துவிட்டதா?

பதில்: வெண்மை என்பது தண்ணீர். சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கித் திடீரெனக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, காற்றுத் துவாரத்தின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. உடனே மாற்றி, சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி, மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள். முதல் முறைக்கு விலை குறைந்த ஜீஎல்-4 போதும். காற்றுத் துவாரத்தில் ஒரு றப்பர் குழாய் பூட்டி மேலே கொண்டுசெல்வது தாழ்வான காருக்கு அவசியம். துகளைக் காந்தத்தால் சோதியுங்கள். ஒட்டாத பொன்னிறத் தூள் சின்க்ரோ வளையத் தேய்மானம், சிறிதளவு இருப்பது இயல்பு. ஒட்டிக்கொள்ளும் கூரிய சில்லு பற்சக்கரத்திலிருந்தோ பெயாரிங்கிலிருந்தோ வந்தது, அத்துடன் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். எடுத்த ஒயிலைக் கானில் அடைத்துக் கழிவொயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள். வடிகானில் ஊற்றினால் அது கடலுக்குத்தான் போகும்.