மகளின் கேம்பஸிலிருந்து ஓயாமல் அலர்ட்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகள் ஆகஸ்ட் மாதம் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்தாள். அதற்குள் வழிப்பறி, திருட்டு என்று ஏழெட்டு எச்சரிக்கை ஈமெயில் வந்துவிட்டது. போன வாரம் "உள்ளேயே இருங்கள்" என்று எல்லோருக்கும் மெசேஜ் போயிருக்கிறது. இவளுக்கு மட்டும் வரவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துவிட்டு நடுராத்திரியில் பதினைந்து முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவ்வளவு ஆபத்தான இடமா அது? (கரூரிலிருந்து ஒரு தந்தை)

பதில்: வந்த ஏழெட்டை விடுங்கள் ஐயா. வராத அந்த ஒன்றுதான் எனக்குக் கவலை.

விண்ணப்பம் போடும்போது உங்கள் மகள் இந்திய எண்ணைத்தான் கொடுத்திருப்பாள். அங்கே போய் புது சிம் வாங்கியபின் மாணவர் போர்ட்டலில் அதை மாற்ற நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். ஈமெயில் ஒழுங்காக வரும். அவசர மெசேஜ் மட்டும் கரூரில் அணைந்து கிடக்கும் பழைய எண்ணைத் தேடும். இன்றே உள்ளே போய் அமெரிக்க எண்ணைப் பதியச் சொல்லுங்கள். அலர்ட் பகுதியில் 'டெக்ஸ்ட்' தேர்வாகி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

அரசாங்கம் அனுப்பும் அலர்ட் வேறு. அது டவரிலிருந்து நேராக வருவதால் எண்ணைப் பதியத் தேவையில்லை. 2023-ல் நம் ஊரிலும் சோதனைக்காக போன்களை அலறவிட்டார்களே, அதே வகை. சத்தம் எரிச்சலாக இருக்கிறதென்று செட்டிங்ஸில் அணைத்து வைத்திருந்தால், மறுபடி போடச் சொல்லுங்கள். டெக்சாஸில் டொர்னாடோ என்ற சூறாவளிச் சுழல் அடிக்கும். 'டொர்னாடோ வாட்ச்' என்றால் வர வாய்ப்பிருக்கிறது. 'வார்னிங்' என்றால் வந்தேவிட்டது, அல்லது ரேடாரில் தெரிகிறது. வார்னிங் வந்தால் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விட வேண்டும். வேடிக்கை பார்க்க பால்கனிக்குப் போகக் கூடாது.

சரி, ஏன் இத்தனை ஈமெயில்? சட்டம் அப்படி. 1986-ல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதில் 1990-ல் ஒரு சட்டம் வந்தது. மாணவர்களுக்குத் தொடர்ந்து ஆபத்து தரக்கூடிய குற்றம் நடந்தால் கல்லூரி அதை மறைக்கக் கூடாது, எச்சரித்தே ஆக வேண்டும். ஆகவே ஈமெயில்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு கேம்பஸை எடைபோடாதீர்கள். மூன்று வருடக் குற்றக் கணக்கோடு பாதுகாப்பு அறிக்கை ஒன்றை ஒவ்வொரு அக்டோபர் 1-க்குள்ளும் வெளியிட வேண்டும். பல்கலைக்கழகத் தளத்தில் யாரும் பார்க்கலாம், அதைப் படியுங்கள்.

உடனடி மெசேஜுக்குப் பின்னால் இருப்பது இன்னொரு துயரம். 2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். காலை 7.15 மணி வாக்கில் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். மாணவர்களுக்கு முதல் ஈமெயில் போனது 9.26-க்கு. அடுத்த கால் மணி நேரத்திலேயே அதே கொலையாளி நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தின் வகுப்பறைகளில் சுடத் தொடங்கிவிட்டான். மொத்தம் 32 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர், பாடம் நடத்திக்கொண்டிருந்த நம் கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். மறு வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள்: உயிருக்கு ஆபத்து என்று உறுதியானால் தாமதிக்காமல் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் பதினைந்து அழைப்புகள். பதற்றம் புரிகிறது, ஆனால் இனி அப்படிச் செய்யாதீர்கள். துப்பாக்கியோடு ஒருவன் திரியும்போது கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, போனை வைப்ரேஷன்கூட இல்லாமல் வைக்கச் சொல்வார்கள். அங்கே ஒரு ரிங் போதும், ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்க. "சேஃப்" என்று ஒரே வார்த்தையை அவள் அனுப்புவாள், அதுவரை நீங்கள் கூப்பிடுவதில்லை என்று இருவரும் முன்கூட்டியே பேசி வையுங்கள். அது வர நேரமாகலாம். போலீஸ் ஒவ்வொரு கட்டடமாக அலசி 'ஆல் கிளியர்' கொடுக்கும்வரை வெளியே வரக் கூடாது. 2025 ஆகஸ்டில் வில்லனோவா, சட்டனூகா கேம்பஸ்களில் துப்பாக்கிக்காரன் இருப்பதாக வந்தது வெறும் பொய் அழைப்பு. அதுவும் பிறகுதான் தெரிந்தது.

அங்கே சொல்லித்தரும் வரிசை: முடிந்தால் ஓடு, முடியாவிட்டால் ஒளி, வேறு வழியே இல்லையென்றால் எதிர்த்துப் போராடு. போலீஸ் உள்ளே வந்தால் இரண்டு கைகளும் காலியாக, தெரியும்படி இருக்க வேண்டும். போன்கூடக் கையில் வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்கே போன் செய்து கேட்டால் பெரும்பாலும் எதையும் சொல்ல மாட்டார்கள். மாணவர் விவரங்களைக் காக்கத் தனிச்சட்டம் இருக்கிறது. அறைத்தோழிகள் இருவரின் எண்ணையாவது வாங்கி வையுங்கள். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அமெரிக்காவிலேயே இருக்கும் உறவினர் யாராவது முதலில் இருக்கட்டும், அடுத்து நீங்கள். அங்கே பகல் என்றால் உங்களுக்கு நடுராத்திரி.

அப்புறம், அவளுக்கு அடிக்கடி கேட்கப்போகும் அலாரம் அவளுடைய சமையலறையில்தான் இருக்கிறது. கடுகு தாளித்தாலே அது கத்தும். அதற்காகப் புகை உணர்வியின் மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிவைக்கும் வேலை நம் பிள்ளைகளிடம் உண்டு. அபராதம் விழும், நிஜமாகவே தீப்பிடித்தால் அது கத்தாது. தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.