பொடி இருக்கட்டும், சருகு எங்கே?

கேள்வி: ஐயா, கொல்லை மூலையில் இரண்டடிக் குழி எடுத்து 40 நாளாகக் காய்கறிக் கழிவைக் கொட்டி வருகிறேன். அழுகிய முட்டை நாற்றம். குழி முழுக்கப் புழு. கடையில் கொடுத்த மட்க வைக்கும் பொடி இரண்டு பாக்கெட் தூவியும் பயனில்லை. கறுப்பாக இருந்ததை மட்டும் அள்ளி அடியில் போட்டுத் தக்காளி, கத்தரி நாற்று நட்டேன். பத்தே நாளில் அடியிலைகள் மஞ்சளாகின்றன. இதைவிட வீரியமான பொடி எது?

பதில்: எந்தப் பொடியும் வேண்டாம். மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் காய்த் தோலிலும் மண்ணிலும் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. உங்கள் குழியில் அவற்றுக்குக் காற்று இல்லை. மூச்சுத் திணறும் அறைக்குள் இன்னும் நாலு பேரைத் தள்ளுவது போலத்தான் அந்தப் பொடி. அதை விற்றவர் குழியில் சருகு போட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பாக்கெட் விற்காது!

உங்கள் கடிதத்தில் சருகு என்ற சொல்லே இல்லை. காய்கறிக் கழிவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகம். தனியாகக் குவித்தால் நசநசத்து, படிந்து, அழுகத்தான் செய்யும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து (கார்பன், சருகில் நிறைய இருப்பது) இருந்தால்தான் குவியல் சூடேறி மட்கும். கணக்கெல்லாம் போட வேண்டாம். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை, அவ்வளவுதான். மெழுகு பூசியது போன்ற தடித்த இலைகளை மட்டும் நொறுக்கிப் போடுங்கள். இலை உதிரும் காலத்திலேயே மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும், தேடும்போது கிடைக்காது. என் கொல்லையில் உரத்தைவிடச் சருகு மூட்டைதான் அதிகம், வீட்டில் கேலி செய்கிறார்கள். போகட்டும். சருகு இல்லாத நாளில் கிழித்த செய்தித்தாளும் அட்டையும் உதவும். மரத்தூள் கொஞ்சமாக, அதில் கரிச்சத்து மிக அதிகம், மட்க நாளாகும்.

குழியையும் கைவிடுங்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சருகோடு கலந்து, தரைக்கு மேல் மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குவியுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரலாம், ஒழுகக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாற்றம் சில நாளில் அடங்கும். புழு பெரும்பாலும் ஈக்களின் குஞ்சுதான், செடிக்குக் கெடுதல் இல்லை. ஈரம் குறைந்தால் போய்விடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது நாற்றைப் பற்றி. கறுத்துவிட்டதாலேயே அது உரமாகிவிடாது. அரைகுறையாக மட்கியது மண்ணுக்குள் போனால் மீதி வேலையை அங்கே தொடங்கும்; அதற்கு வேண்டிய காற்றை வேரிடமிருந்தே பிடுங்கும். அழுகும்போது உண்டாகும் அமிலங்கள் வேரையும் சுடும்; அடிபட்ட வேரால் தழைச்சத்தைச் சரியாக உறிஞ்ச முடியாது. முதலில் அடியிலை மஞ்சளாவது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவின் அடையாளம்; துளிர் மஞ்சளானால் அது வேறு கதை. வேரை அதிகம் அசைக்காமல் அந்தக் கலவையை முடிந்தவரை விலக்கிக் குவியலிலேயே போட்டு, வெறும் மண்ணால் மூடுங்கள். நன்கு மட்கிய பழைய சாண உரம் இருந்தால் மேலாக ஒரு கை தூவலாம். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. புதுத் துளிரைப் பாருங்கள்.

அடுத்த முறை போடும் முன், ஒரு பிடியை ஈரத்தோடு பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரித்ததும் மண் வாசனை வந்தால் பாத்திக்கு. புளித்த வாடை அடித்தால் மறுபடி குவியலுக்கு.