இத்தாலியக் காப்பியின் தனித்தன்மை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இத்தாலியில் சொல்லிக்கொள்ளும்படியான காப்பித் தோட்டமே கிடையாது என்கிறார்கள். அப்படியிருக்க, இத்தாலியக் காப்பி என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: அது விளைச்சலை வைத்து வந்த பெயர் அன்று. பிரேசில், வியட்நாம், உகாண்டா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்து இறங்கும் பச்சைக் கொட்டைகளை அங்குள்ள வறுவல் நிலையத்தார் தத்தம் கணக்குப்படி கலந்து வறுக்கிறார்கள். ஒரு தோட்டத்துக் கொட்டையின் தனிச்சுவையைக் காட்டுவதைவிட, மழை பொய்த்தாலும் விலை ஏறினாலும் கோப்பையில் நேற்றைய சுவையே இன்றும் இருக்கவேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. ஆனாலும் கலவை பாதிதான்; மீதியைச் செய்வது அழுத்தம்.

கேள்வி: பொடிக்குள் வெந்நீரை அழுத்திச் செலுத்தி எடுக்கும் எஸ்பிரெஸ்ஸோ காப்பியின் மேல், பால் சேர்க்காமலே பழுப்பு நுரை எப்படி நிற்கிறது?

பதில்: கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பொடியிலும் தங்கியிருக்கும். புதுப்பொடியில் வெந்நீர் ஊற்றியதும் அது பொங்கி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியேறும் அந்த வாயுதான் காரணம். எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தில் ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) நீர் பொடிக்குள் புகுவதால் வாயு நீரிலேயே கரைந்துவிடுகிறது. கோப்பையில் விழுந்து அழுத்தம் நீங்கியதும், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல, நுண்குமிழிகளாகப் பிரிந்து நுரையாகிறது.

இந்த நுரை தொடக்கத்திலேயே இருந்ததாக எண்ணவேண்டாம். தூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோந்தோ 1884இலும், மிலான் நகரத்து லூய்ஜி பெஸ்ஸேரா 1901இலும் காப்புரிமை பெற்ற இயந்திரங்கள் நீராவியை நம்பியவை. அவற்றில் அழுத்தம் குறைவு, வெப்பம் அதிகம். ஆகவே காப்பியில் கருகல் வாடை அடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அக்கில்லே காஜ்ஜா சுருள்வில்லும் நெம்புகோலும் கொண்ட இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கைப்பிடியை இழுத்து விட்டால், வில் விரிந்து உந்துதண்டு வெந்நீரைப் பொடிக்குள் தள்ளும். மேலே மிதந்த நுரையை வாடிக்கையாளர்கள் ஐயத்தோடு பார்த்தபோது, அவர் அதற்குக் 'கிரேமா' என்று பெயர் சூட்டி அதையே பெருமையாக்கினார். குறையைப் பெயரால் நிறையாக்கிய அந்தச் சாமர்த்தியத்தை நான் இயந்திரத்துக்கு நிகராக மதிக்கிறேன். 1961இல் வந்த ஃபாஎமா ஈ-61 இயந்திரத்தில் கைவலிமையின் இடத்தை மின்பம்பு எடுத்துக்கொண்டது.

கேள்வி: அளவுகளைச் சொல்லமுடியுமா?

பதில்: சுமார் 7 கிராம் பொடி, 25 விநாடி, 25 மில்லிலிட்டர் காப்பி என்பது அங்கு வழங்கும் இலக்கணம். 15 விநாடியில் கொட்டிவிட்டால் நீர்த்துப் புளிக்கும். 40 விநாடி இழுத்தால் கசக்கும். ஆகவே காற்றின் ஈரப்பதம் மாறும் நாளில், கடைக்காரர் அரைவைப் பொறியின் திருகாணியை அவ்வப்போது இம்மியளவு நகர்த்திக்கொண்டே இருப்பார்.

கேள்வி: ரொபஸ்டா மட்டமான ரகம் என்பது உண்மையா?

பதில்: பொத்தாம்பொதுவாக அப்படிச் சொல்வதை நான் ஏற்பதில்லை. மற்றொரு முக்கிய ரகமான அரபிகாவின் நறுமணமும் புளிப்பும் அதில் குறைவு. ஆனால் கஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு, நுரை கெட்டியாக நிற்கும், குடித்தபின்னும் நாவில் கனம் தங்கும். வடக்கே அரபிகா மிகுந்த இளவறுவலையும், நாப்போலி முதலான தென்னகரங்களில் ரொபஸ்டா கூடிய கருவறுவலையும் பெரும்பாலும் விரும்புகிறார்கள். நம் நாட்டுக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலி என்பதையும், அந்த ஏற்றுமதியில் ரொபஸ்டாவின் பங்கே பெரிது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: மதிய உணவுக்குப் பின், எஸ்பிரெஸ்ஸோவில் நுரைத்த பால் சேர்த்த கப்புச்சினோ கேட்டால் அங்கே தவறாக நினைப்பார்களா?

பதில்: கொடுத்துவிடுவார்கள். ஆனால் பால் காலை உணவைச் சேர்ந்தது, வயிறு நிறைந்தபின் அது செரிக்காது என்பது அவர்கள் எண்ணம்.

கேள்வி: அடுப்பில் வைத்துக் காப்பி இறக்கும் மோக்கா பாத்திரம் வீட்டில் வைத்திருக்கிறேன். நுரை வருவதில்லையே, 'கடையில் ஏமாந்துவிட்டாய்' என்கிறார் அம்மா.

பதில்: பாத்திரத்தில் குறையில்லை. அல்போன்ஸோ பியாலெத்தி 1933இல் அறிமுகப்படுத்திய அந்த எண்கோணப் பாத்திரத்தில் எழும் அழுத்தம் 1 அல்லது 2 பார் மட்டுமே. அதில் கிரேமா எதிர்பார்க்கலாகாது. அடிக்கலத்தில் வால்வுக்குச் சற்றுக் கீழே வரை நீர் ஊற்றி, பொடியை அமுக்காமல் நிரவி, சிறுதீயில் வையுங்கள். மூடியைத் திறந்தே வைத்தால், தேன் நிறத்தில் மெல்ல வழியத் தொடங்குவது தெரியும். அது வெளிறிக் களகளவென்று சத்தமிடும் முன் அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். அந்தக் கடைசி மடக்கில்தான் கசப்பெல்லாம் சேர்கிறது.