முழுசா உருகுச்சா, யாரு சொன்னா?

கேள்வி: விண்கல் விழுந்த பள்ளத்துல பாறை முழுசா உருகிடுமாமே, அப்புறம் அது எரிமலைப் பாறை இல்லைன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறாங்க?

பதில்: 'முழுசா'ன்னு போட்டீங்க பாருங்க, எனக்கும் அந்த வார்த்தைக்கும் பல வருஷப் பகை. "இதழை முழுசா படிச்சேன், பிரமாதம்"னு மாசாமாசம் லெட்டர் போடுற ஒருத்தர், நாங்க பதினாறு பக்கத்தைத் தலைகீழா பைண்டு பண்ணி அனுப்பின மாசமும் அதேதான் எழுதினார். "கட்டுரை முழுசா முடிஞ்சுது சார், கடைசி பாராதான் பாக்கி"ங்கிற கோஷ்டி தனி, அவங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பக்கம் பத்தாது.

பாறையும் லேசுல முழுசா உருகாது, மாட்டிக்கிறதே அதனாலதான். உருகின பாறைக் குழம்புக்குள்ள உருகாத துண்டுங்க கிடக்கும், அதை மெல்லிசா சீவி மைக்ரோஸ்கோப்ல வெச்சா குவார்ட்ஸ்ங்கிற கனிமத்துல ரூல் போட்ட நோட்டு மாதிரி நெருக்கமா கோடு, சிலதுல மீன் செதில் அடுக்கின மாதிரி விரிசல், இந்த விரிசலுக்கு பேலன்னு பேரு. அந்தக் கோடு விழ பூமியோட காத்தழுத்தத்தைப் போல சுமார் 1 லட்சம் மடங்கு வேணும், எரிமலை தலைகீழா நின்னாலும் வராது. ஃபெல்ஸ்பார்ங்கிற கனிமத்தோட ஊசி மாதிரி படிகங்களை மட்டும் நம்பிடாதீங்க, துண்டுங்க சூட்டை உறிஞ்சி குழம்பு சட்டுனு ஆறும்போது வளர்றது அது, சட்டுனு ஆறின எரிமலைப் பாறையிலயும் அப்படியே இருக்கும்.

ஜெர்மனில நோர்ட்லிங்கன்னு ஒரு ஊரே இப்படி ஒரு பள்ளத்துக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு, சர்ச் கட்டடத்தையும் அங்க கிடைச்ச, விண்கல் மோதி உருவான சுவைட் கல்லுலயே கட்டிட்டாங்க, அதை எரிமலைக் கல்லுன்னே ரொம்ப காலம் நினைச்சுட்டிருந்தாங்க, 1960 வாக்குல ஷூமேக்கர்ங்கிற நிலவியலாளர் வந்து, பயங்கர அழுத்தத்துல குவார்ட்ஸ் மாறுற வடிவமான கோயசைட்டை அதுல காட்டுற வரைக்கும். கனடாவுல மிஸ்டாஸ்டின் பள்ளத்துல சிர்கான்ங்கிற கனிமத்தோட ஒரு துணுக்கு, ஓரம் மட்டும் கடும் சூட்டுல சிர்கோனியாங்கிற வேற பொருளா மாறி உள்ளே சிர்கானாவே நின்னுடுச்சு, அந்த ஓரத்தை வெச்சுத்தான் சூடு 2370 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்குன்னு 2017-ல கணக்குப் போட்டாங்க. பார்த்தீங்களா, அதுவும் அரைகுறைதான்!

சரி, கிட்டத்தட்ட முழுசாவே உருகின இடமும் ஒண்ணு இருக்கு, அதே கனடாவோட சட்பரி, உறைஞ்ச குழம்பே ரெண்டு கிலோமீட்டருக்கு மேல தடிமன். 1964-ல டீட்ஸ்ங்கிற நிலவியலாளர் இது விண்கல் வேலைன்னு சொன்னதுக்கு அப்புறமும் சண்டை வருஷக்கணக்கா ஓடுச்சு. இந்த ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்கிட்டு நம்ம லெட்டர்காரர் அடுத்த மாசம் கண்டிப்பா வருவார், தலைகீழா பைண்டு பண்ணினாலும் வருவார்.