மிஸ்ஸியைக் கேளுங்கள்: இறங்கின எடை ஏன் ஏறுகிறது?

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு வயது 36. பத்து வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்தேன். இப்போது ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். சீனி வருத்தம் வரப் பார்க்கிறது என்று கிளினிக்கில் பயம் காட்டியதால், ராச்சாப்பாட்டை விட்டு 79 கிலோவிலிருந்து 68க்கு வந்தேன். ஒரு வருடத்தில் 74 ஆகிவிட்டது. சத்தியமாக முன்பு மாதிரி சாப்பிடவில்லை, வேளைக்கு இரண்டு ரொட்டிதான். "நடந்தா போதும், வாயைக் கட்ட வேணாம்" என்கிறா நாத்தனார். சரியா?
– வாசகி, டிக்கோயா

பதில்: தங்கச்சி, சத்தியம் பண்ணத் தேவையில்லை, நான் நம்புகிறேன். 79 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய சாப்பாடு 68 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. அதற்கு மேல் உடம்பு ஒரு கஞ்சத்தனமும் பண்ணும். கொழுப்பு குறைந்தால் அதிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹோர்மோன் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டி, செலவைக் குறைக்கும். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டிக்காக எடை குறைத்த 14 பேரை 6 வருடம் கழித்துச் சோதித்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிப்பது, எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி அளவில் குறைந்தே இருந்தது. 2016இல் வெளிவந்த ஆய்வு அது. அவர்கள் தலைகீழாக நின்று குறைத்தவர்கள், உங்களுக்கு அவ்வளவு இராது. ஆனால் திசை அதுதான்.

இனி ரொட்டிக்கு வருவோம். என் வீட்டு ரொட்டி ஒன்றுக்கு எவ்வளவு மா போகிறது என்று ஒரு நாள் தராசில் போட்டுப் பார்த்தேன். 80 கிராம். அதோடு ஒரு பிடி தேங்காய்ப்பூ. சம்பலைச் சேர்க்காமலே 350 கலோரி கிட்ட வருகிறது. உங்கள் எடையில் ஒரு மணித்தியாலம் சமதரையில் நடந்தால் செலவாவது 240 அளவு. ஏற்றமென்றால் கூடும், நம்ம ஊரில் சமதரை எங்கே இருக்கிறது! ஆனாலும் ஒரு ரொட்டியை நடந்து கரைக்க ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். நாத்தனாருக்குப் பாதி மார்க்தான்.

நீங்கள் இன்னும் சாப்பிடுவது மலைக்குப் போனவளுடைய ரொட்டி. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு காலை முழுக்க சரிவில் ஏறி இறங்கியவளுக்கு இரண்டு சரி. மேசைக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு ஒன்று.

மற்றப் பாதி மார்க் ஏன் கொடுத்தேன் தெரியுமா? எடையைக் குறைக்க வாய் பெரிது, குறைந்ததைப் பிடித்து வைக்க கால் பெரிது. அதே 14 பேரில் எடையைக் காப்பாற்றியவர்கள் நடமாட்டத்தை நன்றாகக் கூட்டியவர்கள். அமெரிக்காவிலேயே 1994இல் தொடங்கிய ஒரு பதிவேடு இருக்கிறது. 30 இறாத்தலாவது (13 கிலோவுக்கு மேல்) குறைத்து ஒரு வருடமாவது காப்பாற்றியவர்கள் தாங்களாகவே சேர்வது. அவர்களில் பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் உடம்பை அசைக்கிறார்கள், வாரம் ஒரு முறையாவது நிறுத்துப் பார்க்கிறார்கள், சாப்பாட்டிலும் கட்டுப்பாட்டை விடவில்லை.

நானும் பட்டவள்தான். ஆஸ்பத்திரி வார்ட் வேலையில் இருந்தபோது 12 கிலோ குறைத்தேன். இடமாற்றம் கிடைத்து, குவார்ட்டஸுக்கும் வார்ட்டுக்கும் நடுவில் நாற்பது காலடிதான் என்றானது. இரண்டு வருடத்தில் 9 கிலோ திரும்பி வந்தது. சாப்பாட்டையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, ராச்சாப்பாட்டை விடாதீர்கள். விட்டால் பத்து மணிக்கு பிஸ்கட் பக்கட்டைத் தேடுவீர்கள். ஒரு ரொட்டி, பருப்பு அல்லது அவித்த கௌபி, நிறையக் கீரை. வேலைக்குப் போகும்போது இரண்டு பஸ் ஹோல்ட் முந்தி இறங்கி நடங்கள், வரும்போதும் அப்படியே. அடைமழை நாளில் லயத்துப் படியில் ஏறி இறங்குங்கள், தசைக்கும் நல்லது. எடை குறையும்போது தசையும் கொஞ்சம் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நிறுத்துக் கலண்டரில் எழுதுங்கள். இரண்டு கிலோ ஏறினாலே முழிக்க வேண்டும், ஆறு ஏறும்வரை பார்த்திருக்கக் கூடாது. இப்போதைக்கு 68ஐ நினைக்காமல் 74இல் இரண்டு மாதம் நில்லுங்கள். கிளினிக்கில் மாத்திரை தந்திருந்தால் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் அங்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பச்சைத் தேயிலை குடித்தால் எடை குறையும் என்கிறார்களே?
– வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, தலவாக்கலையில் இருந்துகொண்டா இதைக் கேட்பது! இரண்டும் ஒரே செடியின் கொழுந்து. காற்றுப் பட்டுக் கறுக்க விட்டால் நம்ம தேயிலை, விடாவிட்டால் பச்சை. எடையில் அது செய்வது ஏதோ துளி. நீங்கள் சீனியைப் பாருங்கள். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 60 கிராம், 240 கலோரி. மேலே தங்கச்சிக்குச் சொன்ன ஒரு மணித்தியால நடை அதிலேயே போச்சு. மூன்றை இரண்டாக்குங்கள், பதினைந்து நாள் கழித்து ஒன்றாக்குங்கள். சீனிக்குப் பதிலாக கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அதுவும் சீனிதான்.